வாணி கிராசிங், ஆல் ஸ்டாப்!

சில வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருவொற்றியூரிலிருந்து மணலி போகிற ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நகராமல் நின்றவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். அன்று நீங்கள் துறைமுகத்தைத் திட்டியிருப்பீர்கள். தோண்டிப் போட்ட ரோட்டைத் திட்டியிருப்பீர்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பீர்கள். (எங்க ஏரியா வாய் எனக்குத் தெரியாதா?) அவர்கள் யார் மேலும் தப்பில்லை. நான் பாத்ரூம் போயிருந்தேன்.

இதை இத்தனை நாள் வெளியில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். வீட்டுக்குள் மட்டும் இது நல்லது கெட்டது எல்லாவற்றிலும் சொல்லிச் சிரிக்கிற கதை. என் நாத்தனார் இதை எனக்கே மூன்று முறை, நான் அங்கே இல்லாதது போலச் சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் செக்கர். துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற பெட்டிகளை அடுக்கி வைக்கிற இடம்தான் யார்டு. உள்ளே வருகிற ஒவ்வொரு டிரெய்லரையும் நிறுத்தி, பெட்டியின் நம்பரைப் பார்த்து, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று குறித்துக்கொண்டு உள்ளே அனுப்ப வேண்டும். எல்லாமே நின்றுகொண்டு. கேட்டில் நாற்காலி கிடையாது. "செக்கர் உக்காந்தா வண்டியும் உக்காந்துடும்" என்பது எங்கள் யார்டு மேனேஜர் பத்மநாபன் சாரின் பொன்மொழி.

நிற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெண்களுக்கான பாத்ரூம் இருந்தது ஆபீஸ் கட்டடத்தில். ஆபீஸ் இருந்தது யார்டின் மறுகோடியில். நடுவில் ஐந்தடுக்குப் பெட்டிகள், அவற்றைக் கவ்வித் தூக்கிக்கொண்டு திரிகிற ராட்சத வண்டிகள். முன்னால் தூக்கிப் பிடித்த பெட்டியைத் தாண்டி அந்த டிரைவருக்கு லாரியே தெரியாது, நான் எம்மாத்திரம்? அதனால் சுவர் ஓரமாகவே சுற்றிப் போய்ச் சுற்றி வர வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அதற்குள் கேட்டில் வண்டிகள் ஹாரன் அடித்தே என் பெயரைக் கெடுத்துவிடும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி மிகவும் எளிமையானது. தண்ணீரே குடிக்க மாட்டேன். காலையில் வீட்டில் அரை டம்ளர் காபி, சாயங்காலம் திரும்பியதும் ஒரு சொம்புத் தண்ணீர். நடுவில் சென்னை வெயிலும் டீசல் புகையும்தான். இரண்டு வருடம் இப்படியே ஓட்டிவிட்டு, அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒருமுறை பத்மநாபன் சாரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"சார், கேட் பக்கத்துல லேடீஸுக்கு ஒரு பாத்ரூம் வெச்சா..."

"ஏம்மா, ஆபீஸ்ல இருக்கே?"

"தூரமா இருக்கு சார்."

"என்ன தூரம்? கொஞ்சம் அடக்கிப் பழகிக்கணும்மா. எல்லாம் பழக்கம்தான்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆயுத பூஜைக்குத் தன் கைக்காசில் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் வாங்குகிறவர். ஆனால் அவருடைய பாத்ரூம் அவர் நாற்காலியிலிருந்து எட்டே எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது. ஒருநாள் ஃபைல் கொடுக்கப் போனபோது எண்ணிப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் கர்ப்பமானேன். இது இரண்டாவது. முந்தைய வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு படிக்கட்டில் கால் வைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் மாதம் நீர்க்கடுப்பு வந்து ராயபுரத்து டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணியே குடிக்கிறது இல்லையா நீ? இன்ஃபெக்‌ஷன் ஆயிருக்கு. இப்படியே இருந்தா குழந்தைக்கு ஆபத்து. நல்லா குடிக்கணும், வந்தா உடனே போகணும். அடக்கவே கூடாது" என்றார்.

அடக்கிப் பழகு என்கிறவர் ஒருபக்கம், அடக்கவே கூடாது என்கிறவர் ஒருபக்கம். நடுவில் நானும் என் வயிறும். அன்று சாயங்காலமே காகிதத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

இங்கேதான் என் நாத்தனார் வருகிறார். தேசம்மா அண்ணி, என் கணவர் மதியின் அக்கா. நாங்கள் குடியிருந்தது காசிமேட்டில் அவர் வீட்டு மாடியில். விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் போட்டு, எம்.கே.பி. நகர் பக்கம் கொண்டுபோய் விற்று, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். வாழ்க்கையில் அண்ணி பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் பஸ் டிக்கெட். பெண்களுக்குப் பஸ் இலவசம் ஆன பிறகு அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது.

"இன்னாத்த எழுதிக்கினு கீற?" என்றார்.

"ஆபீஸுக்கு லெட்டர் அண்ணி. கேட்டாண்ட ஒரு பாத்ரூமும் ஒரு சேரும் கேக்கப் போறேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அண்ணி வேணும்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "உன்னிய கட்டிக்கினு வந்து நாலு வருசம் ஆவுது. இன்னும் இன்னாத்த கத்துக்கின நீ? ரெண்டு கேட்டா ஒண்ணுகூட தர மாட்டான். ஒம்போது கேளு, ரெண்டு தருவான்."

எம்.கே.பி. நகரில் அண்ணாச்சி கடையில் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குகிற குடும்பத்திலிருந்து வந்தவள் நான். அண்ணியின் வியாபாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்து மலைத்தவள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேனாவைத் திறந்தேன்.

"அப்பால, உனக்கு எது வோணுமோ அத்த மொறச்சிப் பாக்காத. வஞ்சரம் வாங்கப் போனா சங்கராவத்தான் தொட்டுப் பாக்கணும். நீ வஞ்சரத்தப் பாத்தீன்னா, அவன் உன் மூஞ்சியப் பாத்துடுவான். பாத்ரூம கடைசில போடு. போனா போவுதுன்ற மாதிரி எழுது."

எழுதினேன்.

"கடசியா ஒண்ணு. கூடையில ஒரு கலீஜ் ஐட்டம் போடு."

"அது எதுக்கு அண்ணி?"

"அவனும் மனுசன்தானே? எதையாச்சும் தூக்கிக் கடாசுனாத்தான் அவனுக்கு மனசு ஆறும். அத்த கடாசிட்டு, ஜெயிச்சிட்டோம்னு நெனச்சிக்கினு மீதிய எடுத்துப்பான்."

இப்படித் தயாரானதுதான் என் ஒன்பது அம்சக் கோரிக்கை. ஒன்று, மெத்தை வைத்த நாற்காலி. இரண்டு, எனக்கென்று தனி ஃபேன். மூன்று, தினமும் பதினொரு மணிக்கு ஓர் இளநீர். நான்கு, மதியம் ஒரு மணி நேரம் படுக்கக் கட்டில். ஐந்து, வாந்தி எடுக்க மூடி போட்ட பக்கெட். ஆறு, மீன் தூள் ஏற்றின பெட்டிகளை நான் பார்க்க மாட்டேன். (காசிமேட்டு மருமகளுக்கு மீன் நாற்றம் ஆகவில்லை என்று இதை எழுதும்போது அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.) ஏழு, வீட்டுக்குப் போக வர வண்டி. எட்டாவது அந்தக் கலீஜ் ஐட்டம். அதை யோசித்துச் சொன்னது என் கணவர். "நீ யார்டுல நடக்கசொல்ல எல்லா வண்டியும் நிக்கணும்னு போடு. மந்திரி போற மாதிரி" என்றார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒன்பதாவதாக, சின்ன எழுத்தில், 'முடிந்தால் கேட் அருகே ஒரு பாத்ரூம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பத்மநாபன் சார் முன்னால் போய் நின்றேன். அவர் "என்னம்மா இது அநியாயம்" என்று கத்த வேண்டும், நான் கட்டிலை விட்டுக்கொடுக்க வேண்டும், அவர் எட்டாவதைப் பார்த்துக் கொதிக்க வேண்டும், நான் பெருமூச்சோடு அதையும் விட்டுக்கொடுக்க வேண்டும், கடைசியில் சேரும் பாத்ரூமும் மிஞ்ச வேண்டும். இதற்கு ராத்திரி கண்ணாடி முன்னால் ஒத்திகை எல்லாம் பார்த்திருந்தேன். அவரோ முழுவதையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிடறேன்."

"சார், கொஞ்சம் குறைச்சிக்கலாம் சார்..."

"அதை அவங்க பாத்துப்பாங்க."

காகிதம் தட்டில் போய் விழுந்தது. விலையைச் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் நகர்ந்துபோகிற வாடிக்கையாளரைப் பார்த்து மீன்காரி எப்படி முழிப்பாளோ, அப்படி முழித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பத்து நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து ஸ்வேதா மேடம் வந்தார். ஊழியர் நலனுக்கென்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். இந்தப் பிறவியில் எதற்கும் பேரம் பேசியிருக்க மாட்டார், விலை ஒட்டிய சாமான்களையே வாங்கிப் பழகியவர் என்பது பார்த்த உடனே தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணி, உங்க லெட்டரைப் படிச்சிட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தனக்கு என்ன தேவைன்னு இவ்வளவு தெளிவா, இவ்வளவு நேர்மையா யாருமே எங்களுக்கு எழுதினது இல்ல."

நேர்மையா என்றதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. (கர்ப்பம் என்று எடுத்துக்கொண்டார்.)

"எட்டு பாயிண்ட்டும் அப்ரூவ்டு!"

"மேடம்... எட்டுமா?"

"எட்டும்! ஒன்பதாவது மட்டும் கொஞ்சம் கஷ்டம். கட்டடம், பைப்லைன், பர்மிஷன்னு நிறைய வேலை இருக்காம், பத்மநாபன் சார் சொன்னார். அடுத்த வருஷம் பார்க்கலாம். நீங்களே 'முடிந்தால்'னுதானே எழுதியிருக்கீங்க? ஆனா கவலைப்படாதீங்க. பாத்ரூம் தூரமா இருக்கறதாலதான் உங்க எட்டாவது பாயிண்ட் எவ்வளவு முக்கியம்னு எனக்குப் புரிஞ்சது. நீங்க நேரா யார்டுக்குக் குறுக்கவே நடந்து போகலாம். நீங்க போகும்போது ஒரு வண்டி, ஒரு ஆள் குறுக்க வரக்கூடாது. பத்மநாபன் சாரே ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டார்."

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேடம், சேரும் பாத்ரூமும் போதும், மற்றதெல்லாம் சும்மா ஏற்றிச் சொன்னது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தக் கலங்கிய கண்களைப் பார்த்து எப்படிச் சொல்வது? "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, ஹெட் ஆபீஸ் மேடம் எல்லாத்தையும் குடுத்துட்டாங்க. பாத்ரூம மட்டும் இல்லன்னுட்டாங்க."

"எல்லாத்தயுமா? ஒரு வார்த்த கொறச்சிக் கேக்கல?"

"இல்ல அண்ணி."

"அடிப்பாவி, இவ ஒரு நாளு காசிமேட்டுக்கு வந்தா மீனோட படகையும் சேத்து இவ தலையில கட்டிடுவாளுங்களே!"

அடுத்த வாரமே எல்லாம் அமலுக்கு வந்தது. கட்டில் ஃபோர்க்லிஃப்டில் ஏறி யார்டு முழுக்க ஊர்வலம் போய் ரெக்கார்டு ரூமில் இறங்கியது. அந்த அறையின் ஜன்னல் டிரைவர்களின் டீக்கடையைப் பார்த்து இருந்ததால் நான் அதில் ஒரே ஒருநாள்தான் படுத்தேன், அதுவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. இளநீர் பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியில் வந்தது. கேட்டைத் தாண்டி எந்தச் சரக்கு வந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி, பதிவு செய்கிறவளோ நான். 'இளநீர் ஒன்று, வெளிச் சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தினமும் குடித்தேன்.

வண்டி விஷயம் இன்னும் மோசம். கம்பெனியில் ஆள் ஏற்றுகிற வண்டி என்று இருந்தது ஆம்புலன்ஸ் ஒன்றுதான். முதல் நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அண்ணி தலைவிரி கோலமாக ஓடிவர, பின்னாலேயே பத்துப் பெண்கள் மீன் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார்கள். கதவு திறந்தது. உள்ளே நான், மடியில் டிபன் பாக்ஸோடு, முழு ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தேன். அழுவதற்குத் தயாராகிவிட்ட பெண்களை ஏமாற்றினால் எத்தனை கோபம் வரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் இதெல்லாம் அந்த எட்டாவது ஐட்டத்தின் கால் தூசிக்குப் பெறாது.

கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர். கொடுத்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்கிறவர், அதுதான் பிரச்சினையே. அவருக்கு ஒரு விசில், ஒரு சிவப்புக் கொடி, ஒரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். அமலுக்கு வந்த முதல் நாள் நான் மெல்ல எழுந்து, "பாய், கொஞ்சம் ஆபீஸ் பக்கம் போய்ட்டு வரேன்" என்றேன். பாய் விறைப்பாக எழுந்தார். விசில் காதைக் கிழித்தது. வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"வாணி கிராசிங்! வாணி கிராசிங்! ஆல் ஸ்டாப்!"

யார்டே அடங்கியது. ராட்சத வண்டிகள் பெட்டியைத் தரையில் இறக்கின. டிரெய்லர்கள் இன்ஜினை அணைத்தன. அந்த இடத்தில் காக்கா கத்துகிற சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். நான் நடந்தேன். நாற்பது டிரைவர்கள் ஜன்னலில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. நான் எங்கே போகிறேன் என்பது அத்தனை பேருக்கும் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஏழு நிமிடம் நடந்து உள்ளே போனால், போன காரியம் வெட்கத்தில் வர மறுத்தது.

திரும்பி வருவதற்குள் வண்டிகளை விட்டிருப்பார் என்று நினைத்தேன். விடவில்லை. "நடுவுல வுட்டுட்டு மறுக்கா நிறுத்தணும். பேஜாரு. நீ மெதுவா போய்ட்டு வாம்மா, நான் புட்சிக்கினு நிக்கிறேன்" என்றார் பாய்.

அதன் பிறகு நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மறுபடியும் தண்ணீரை நிறுத்தினேன். இளநீரை ரகசியமாகப் பாய்க்குக் கொடுத்துவிட்டேன். குழந்தைக்காகப் போராடி வாங்கிய வசதிக்கு வெட்கப்பட்டு, அந்தக் குழந்தையையே தாகத்தில் போட்டேன். என்னைப் போல ஒரு முட்டாளை நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

ஏழாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா சிரிக்கவில்லை. "குழந்தையைச் சுத்தி இருக்கற தண்ணி குறைஞ்சிருக்கு. தினமும் மூணு லிட்டர் குடி. அடுத்த வாரம் வா. ஏறலைன்னா அட்மிஷன்தான்" என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மதி போய் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து என் மடியில் வைத்தார். இன்னொன்றையும் இழக்க என்னால் முடியாது. நாற்பது பேர் என்ன, நாலாயிரம் பேர் பார்க்கட்டும் என்று அந்தப் பெஞ்சிலேயே முடிவு செய்தேன்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அன்று ஒரு கப்பலுக்குப் பெட்டி ஒப்படைக்கக் கடைசி நாள். விடிந்ததிலிருந்தே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வண்டி. நானோ அதை எல்லாம் பார்க்கவில்லை, பாட்டிலை மட்டும் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்கு முதல் கிராசிங். ஒன்பதே காலுக்கு இரண்டாவது. பத்து மணிக்கு மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் யார்டு மொத்தமும் இருபது நிமிடம் கைகட்டி நின்றது. உள்ளே வண்டி போகாததால் கேட்டில் வரிசை, கேட் வரிசை ரோட்டுக்கு வந்தது, ரோட்டு வரிசையில் பஸ், ஸ்கூல் வேன், மணலிக்குப் போகிற டேங்கர் லாரி எல்லாம் கோத்துக்கொண்டு நின்றன.

மூன்றாவது முறை நான் ஆபீஸில் இருந்தபோது ஒரு டிராபிக் போலீஸ்காரர் வியர்க்க விறுவிறுக்கக் கேட்டுக்கு வந்திருக்கிறார். இதைப் பாய் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"இன்னாய்யா ஆச்சு? ஸ்ட்ரைக்கா? கம்ப்யூட்டர் புட்டுக்கிச்சா?"

பாய் சல்யூட் அடித்து, "வாணிம்மா பாத்ரூம் போய்கீது சார்" என்றாராம்.

போலீஸ்காரர் அந்த வாக்கியத்தை ஜீரணிக்க நேரம் எடுத்துக்கொண்டார். பாய் சுவரில் ஒட்டியிருந்த ஆர்டரைக் காட்டினார். அதை இரண்டு முறை படித்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "எத்தினியாவது மாசம்?" என்று மட்டும் கேட்டாராம்.

பத்தேமுக்காலுக்கு நான்காவது முறையாக எழுந்தேன். பாய் விசில் ஊதினார், கொடியைத் தூக்கினார், வாக்கி டாக்கியில் என் பெயரைச் சொன்னார். நான் பத்தடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து ஒருவர் தடதடவென்று ஓடிவருகிற சத்தம் கேட்டது.

பத்மநாபன் சார். ஒன்றரை மணி நேரமாக அந்த நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு, பொறுக்க முடியாமல் காரை டிரைவரிடம் விட்டு ஓடி வந்திருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். வேறு ஆண்களாக இருந்தால் இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒதுங்கியிருப்பார்கள். ஆனால் வரிசையாக நாற்பது டிரைவர்களும் ஒரு போலீஸ்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் எங்கே ஒதுங்குவது? முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கொடியைக் குறுக்கே நீட்டினார் பாய்.

"விடுங்க பாய், நான்தான். அவசரம்."

"ரூல் சார். வாணிம்மா போகசொல்ல ஒரு ஆளும் குறுக்க போவக்கூடாது. நீங்கதான் கையெழுத்து போட்டுக்கீறீங்கோ."

"யோவ், ஆபீஸுக்குத்தான்யா போகணும்! என்னால முடியல!"

"ஒரு இருவது நிமிசம். அம்மா போய்ட்டு வந்துரும்." பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். குரலில் உண்மையான அக்கறையோடு சொன்னார். "கொஞ்சம் அடக்கிக்குங்க சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சாருக்கும் முன்பு நடந்த பேச்சு பாய்க்குத் தெரியாது. நான் அப்படியே நின்றுவிட்டேன். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. இரண்டு வருடமாக நான் அந்த முகத்தோடுதான் கேட்டில் நின்றிருந்தேன்.

"பாய், சார் என்கூட வரட்டும்" என்றேன்.

பாய் யோசித்தார். "கூட வர்லாம். முன்னால போவக்கூடாது."

நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். ஏழு மாத வயிற்றோடு நான் என்ன வேகத்தில் நடப்பேனோ, அந்த வேகத்தில். அவர் ஓர் அடி முந்தினால் பின்னாலிருந்து பாய் விசில் ஊதினார். சார் சட்டென்று நின்று, நான் வரும்வரை ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக் காத்திருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள், ஜன்னலில் முழங்கைகள், ஒரு சத்தம் இல்லை. அந்த ஏழு நிமிடத்தில் அவர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"ரொம்ப தூரமா இருக்கேம்மா."

"ஆமா சார்."

அன்று மதியமே கேட்டுக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டி வந்து இறங்கியது. யார்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் காலிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. பக்கவாட்டில் கதவு வெட்டினார்கள், உள்ளே தடுப்பு வைத்தார்கள், மேலே டேங்க் வைத்தார்கள், குழாய் இழுத்தார்கள். பக்கத்திலேயே நின்று வேலை வாங்கியவர் பத்மநாபன் சார். அடுத்த வருஷத்துக் கட்டடமும் பைப்லைனும் பர்மிஷனும் நாலே நாளில் முடிந்துவிட்டன. ஐந்தாம் நாள் அதற்குள் முதல் ஆளாகப் போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் சும்மாவே நின்றேன். அடுத்த ஸ்கேனில் தண்ணீர் ஏறியிருந்தது. டாக்டரம்மா சிரித்தார்.

பிரசவ லீவுக்குக் கிளம்புகிற அன்று ஸ்வேதா மேடம் வந்திருந்தார். இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு லீவு என்று காகிதத்தைக் கொடுத்தார். எனக்கும் மனசு உறுத்த, பேரம் பேசப் போன கதையை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டார்.

"ஐயோ வாணி, பிரசவம் நெருங்கறப்போ ரொம்ப நேரம் நிக்க வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நீங்க வாயால கேட்டிருந்தாலே போதும்."

அதை வீட்டில் வந்து சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"அப்போ நம்ம கூடையில கெடந்த மீனையே நாம ஏலத்துல எடுத்துக்கினு வந்துக்கீறோமா?" என்றார். மூன்று நாள் அவருக்கு வியாபாரமே ஓடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. யாழினி. மூன்றே கால் கிலோ. ஆறு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, அந்தப் பெட்டியின் மேல் யாரோ நீல பெயின்டில் 'வாணி ஸ்டாப்' என்று எழுதியிருந்தார்கள். இன்றும் இருக்கிறது. இப்போது கேட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். ஐந்து நாற்காலி. புதிதாக வருகிற டிரைவர்களுக்கு வழி சொல்வதே "வாணி ஸ்டாப்பாண்ட லெஃப்ட்ல ஒடி" என்றுதான். பத்மநாபன் சார் போன வருடம் ரிட்டயர் ஆனார். பிரிவு விழாவில் பேசும்போது கேட் பக்கம் கைகாட்டி, தன் சர்வீஸில் செய்த ஒரே உருப்படியான வேலை அது என்றார்.

எங்கள் வீட்டில் யார் பாத்ரூம் பக்கம் போனாலும் அண்ணி விரலை வாயில் வைத்து விசில் அடித்து, "கிராசிங்! ஆல் ஸ்டாப்!" என்று கத்துவார். வீட்டில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அண்ணி மகனை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார்கூட ஒருமுறை காபி டம்ளரோடு நின்றிருக்கிறார்கள். யாழினி இதற்கு நடுவில்தான் வளர்ந்தாள். அதன் பலன் அவளைப் பள்ளியில் சேர்த்த இரண்டாம் நாள் தெரிந்தது. டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. ஆனா பாத்ரூம் வந்தா பர்மிஷன் கேக்க மாட்டேங்குறா. எழுந்து நின்னு, கையைத் தூக்கி, 'எனக்கு பாத்ரூம் வருது, எல்லாரும் நில்லுங்க'ங்கறா. கிளாஸ் மொத்தமும் நின்னுடுது. நேத்து நானும் நின்னுட்டேன்."

மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, குழந்தையை எப்படித் திருத்துவது என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி யாழினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குத் திருத்தணும்? நீ ஒம்போது எழுதி அந்த ஒண்ண வாங்கறதுக்குள்ள ஊரையே நிறுத்துன. புள்ள எது வோணுமோ அத்த மட்டும் நேரா கேக்குது. போ, போய் அதுக்குத் தண்ணி எட்தாந்து குடு."